மேடம் வேகம்

கம்பி உடைந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மொய்தீன் சோதனைக்கூடத்தைத் திறந்து விளக்கைப் போட்டபோது அது இரண்டாகக் கிடந்தது. கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் தெளிந்து நின்றது. இயந்திரம் மட்டும் உடைந்த கம்பியின் மேல் பாதியைப் பிடித்துக்கொண்டு இன்னும் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.

அவன் தாட்சாயணிக்குப் போன் செய்தான்.

"மேடம், உங்க கம்பி போயிருச்சு."

"எந்தக் கம்பி?"

"தொட்டியில போட்டமே, அது. கண்ணுக்கே தெரியாத வேகத்துல இழுக்கச் சொன்னீங்கள்ல."

அவள் அதை மறந்தே போயிருந்தாள். விபத்துக்குப் பிறகு எழுதிய அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்புவதற்காகப் போட்டு வைத்த சோதனை அது. 'இது உடையவே உடையாது, சும்மா ஓடட்டும்' என்று மொய்தீனிடம் அவளே சொல்லியிருந்தாள்.

"எவ்வளவு பளுவுல போச்சு?"

மறுமுனையில் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மொய்தீன்?"

"வந்து பாத்துக்கோங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

வந்து பார்த்தாள். தாங்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு பளுவைக்கூடத் தாங்காமல் அது உடைந்திருந்தது. மெதுவாக இழுத்தால் இந்த உலோகம் நீண்டு, நடுவில் மெலிந்து, பிறகுதான் அறும். அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். இது மெலியவே இல்லை. உடைந்த முகம் கற்கண்டு உடைந்ததுபோலத் தட்டையாக மின்னியது.

"மெஷின்ல ஏதோ தப்பு இருக்கும்" என்றாள்.

"நேத்துதான் மெஷினைச் சரிபாத்தேன். வேணும்னா என்னைத் திட்டுங்க. அதைத் திட்டாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. மொய்தீனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

*

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி அந்த நிலையம் இருந்தது. அங்கிருந்து கப்பலில் போனால் கடல் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கும் இடம் வரும். அதன் அடியில், வெளிச்சமே எட்டாத குளிரில், சர்வர் கூடங்கள் வரிசையாக நின்றன. நாட்டின் பாதி நினைவு அங்கேதான் இருக்கிறது என்று நிலையத்தின் வரவேற்பறையில் எழுதிப் போட்டிருந்தார்கள். கீழே ஏதாவது பழுதானால் இரண்டு மூன்று பேர் ஒரு உலோகக் கோளத்துக்குள் உட்கார்ந்து இறங்குவார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எல்லாரும் சொன்னது 'குண்டு'.

குண்டின் சிறப்பு அதன் உலோகம். சாதாரண உலோகம் கோடிக்கணக்கான சின்னப் படிகங்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். விரிசல் அவற்றின் இடுக்கு வழியாக நுழைந்து போய்விடும். குண்டை ஒரே படிகமாக வளர்த்தார்கள், நூலில் கற்கண்டு வளர்ப்பதுபோல. இடுக்கே கிடையாது. விரிசலுக்கு வழியும் கிடையாது.

அப்படியும் ஒரு கேள்வி மிஞ்சியது. அதற்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் தாட்சாயணியை வேலைக்கு எடுத்தார்கள். பளு ஏறும் வேகம் மாறினால் அந்த உலோகம் உடையும் விதமும் மாறியது. புதிதாக வந்த ஓட்டுநர்களுக்கு மொய்தீன் அதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவான்.

"ஜவ்வு மிட்டாய் தின்னிருக்கீங்கள்ல? மெதுவா இழுத்தா நீளுது. வெடுக்குனு இழுத்தா பட்டுனு உடையுது. நம்ம குண்டும் அப்படித்தான். மெதுவா இறங்கினா உள்ள இருக்கற அணு வரிசையெல்லாம் வழுக்கி வழுக்கி நகந்து, விரிசல் முனையை மழுக்கிரும். வேகமா இறங்கினா வழுக்க நேரம் இல்ல. விரிசல் ஓடிரும்."

எவ்வளவு மெதுவாக என்பதை தாட்சாயணி கணக்கிட்டாள். கணினியில் அணுக்களை இழுத்துப் பார்த்தாள். இயந்திரத்தில் கம்பிகளை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரு வேலை நாளுக்குள் முடியும் வேகங்கள். புள்ளிகளை வைத்தாள். அழகாக ஒரே கோட்டில் விழுந்தன. குண்டு இறங்கும் வேகமோ அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் இடப்பக்கம், வெகு தொலைவில் இருந்தது. அந்த இடத்தில் சோதிக்க ஒரு கம்பிக்கு ஒரு பருவம் முழுக்க இயந்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் விடமாட்டார்கள். எனவே அளவுகோலை வைத்துக் கோட்டை இடப்பக்கம் நீட்டினாள். அவளுடைய துறையில் எல்லாரும் செய்வதுதான். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் செய்ததுதான்.

நீட்டிய கோடு சொன்னது: மெதுவாகப் போகப் போக நல்லது.

அதுவரை ஓட்டுநர்கள் மனம்போன வேகத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு வரம்பு எழுதினாள். ஏறுவதற்கும் அதே வரம்பு. அவர்கள் அதற்கு 'மேடம் வேகம்' என்று பெயர் வைத்தார்கள். கேன்டீனில் யாராவது சாம்பார் வாளியை ஆடி அசைந்து கொண்டுவந்தால், "என்னண்ணே, மேடம் வேகத்துல வாரீங்க?" என்று கேட்பார்கள். தாட்சாயணி தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். யாரிடமும் சட்டென்று பேச வராத பெண் அவள். ஆனாலும் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது நினைத்தால்தான் முகம் எரிந்தது.

சென்ற வருடம் இரண்டாம் குண்டு திரும்பி வரவில்லை. ஓட்டுநர் ரெமிஜியூஸும் கூட இருந்த இரண்டு பேரும் போனார்கள். ஒன்றுமே மேலே வரவில்லை. கடைசியாக வந்த பதிவில் குண்டு வரம்பைப்போல மூன்று மடங்கு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. காரணம் என்ன என்று அவளைக் கேட்டார்கள். அவள் கோட்டைப் பார்த்தாள். பதிவைப் பார்த்தாள். எழுதினாள்: 'ஓட்டுநர் அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறியதே விபத்துக்குக் காரணம்.'

ஒரே ஒரு வாக்கியம். அது நிலையத்திலிருந்து ஊருக்குப் போனது. ரெமிஜியூஸின் முப்பதாம் நாள் பூசைக்குச் சொந்தக்காரர்களே பாதிப் பேர் வரவில்லை என்று மொய்தீன் சொன்னான். கூடச் செத்த இருவரின் வீட்டாரும் அவன் வீட்டுத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டார்களாம்.

சில மாதங்களில் ரெமிஜியூஸின் தங்கை கிளாடிஸ் குண்டு ஓட்டும் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். கப்பலில் பளுதூக்கி இயக்கிக்கொண்டிருந்தவள். எல்லாத் தேர்விலும் முதலாக வந்தாள். மூன்றாம் குண்டை அவளிடம் கொடுத்தார்கள். அவள் வரம்பைத் தொடவே மாட்டாள். வரம்பில் பாதி வேகத்தில்தான் இறங்குவாள், பாதி வேகத்தில்தான் ஏறுவாள். கூடப் போகிறவர்கள் முணுமுணுத்தால், "எங்க வீட்டுக்கு அவசரம் ஆகாது" என்பாள். 'முன்மாதிரி ஓட்டுநர்' என்று அவள் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னதே தாட்சாயணிதான்.

*

"தண்ணிதான் மேடம்" என்றான் மொய்தீன். "நாம எல்லாக் கம்பியையும் காத்துலதான் இழுத்தோம். இது ஒண்ணுதான் கடல்தண்ணியில, கரண்டோட இருந்தது."

குண்டு துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் எப்போதும் சிறிய மின்னோட்டம் பாயும். அந்த மின்னோட்டம் கடல்நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துக்கொண்டே இருக்கும். தொட்டியில் அதே ஏற்பாட்டை வைத்திருந்தார்கள்.

"ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ள நுழையுது" என்றாள் தாட்சாயணி. பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது அவள் குரல். "விரிசல் முனை எங்க இருக்கோ அங்க போய்ச் சேருது. சேர்ந்ததும் அந்த இடம் இறுகிப்போய் உடையுது. ஆனா அது நடந்து வர நேரம் வேணும். வேகமா பளு ஏறி இறங்கினா வந்து சேர நேரம் கிடைக்காது. மெதுவா ஏத்தினா..."

"உக்காந்து சாப்பிடுது" என்றான் மொய்தீன்.

ஆக அவள் கோடு இடப்பக்கம் போகப் போக நேராக இருக்கவில்லை. எங்கோ ஓரிடத்தில் திரும்பிக் கீழே விழுந்திருந்தது. அந்த இடத்தில் யாரும் புள்ளி வைத்துப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் குண்டுகள் தினமும் போய் வந்தன. அதிலும் அடியில், மிக மெதுவான இடத்தில், கிளாடிஸ் இருந்தாள்.

"இன்னைக்கு யாரு கீழ?" மொய்தீன் கேட்டான். இருவருக்கும் தெரிந்த பதில்தான்.

"கிளாடிஸ். கூட கார்த்தீசன்."

"சொல்லிரலாம் மேடம். இப்பவே போய்ச் சொல்லிருங்க."

"இன்னொரு தடவை நுண்ணோக்கியில பார்த்துடறேன். தப்பா சொல்லிடக்கூடாது."

அது நியாயமான பேச்சாகவே இருந்தது. அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. மொய்தீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிட்டு வாரேன். அதுக்குள்ள சொல்லிருவீங்கள்ல?"

"சொல்லிடறேன்."

அவன் போனபின் உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். பார்த்தது உண்மைதான். எடுத்துக் கழுவி மறுபடி வைத்தாள். அதே உண்மைதான். பளுவளவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி சோதித்தாள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தாளில் நாலு வார்த்தை எழுதி அடித்தாள்: 'புதிய தகவலின்படி', 'முன்பு கருதியதற்கு மாறாக'. எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது ரெமிஜியூஸிடம் போய் முடிந்தது.

மேசைமேல் கட்டுப்பாட்டறையின் போன் அடித்தது.

அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு அவளே கேட்டு வாங்கிய விதி: கீழே இருக்கும் குண்டு ஏறத் தொடங்குமுன், கதவைச் சுற்றிப் பளு அதிகம் விழும் வளையத்தின் அளவீடுகளை உலோகப் பிரிவு பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். அந்தச் 'சரி' வராமல் குண்டு கடல் தரையைவிட்டு எழும்பக்கூடாது. வழக்கமாக ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது. போனை எடுப்பாள், திரையைப் பார்ப்பாள், 'சரி' என்பாள், வைத்துவிடுவாள்.

இப்போது எடுத்தால் 'சரி' என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கும்போது அதன் பச்சை விளக்கு மினுங்கியது. ஓய்ந்ததும் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் என்றிருந்தது. யோசிக்கவில்லை. அடுத்த மணிக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

மொய்தீன் திரும்பி வந்தபோதும் அது அடித்துக்கொண்டிருந்தது. அவன் வாசலிலேயே நின்றான். தொப்பியை மடித்துப் பைக்குள் வைக்கப்போன கை பாதியில் நின்றது.

"சொல்லலியா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"போன் எதுக்கு அடிக்குது?"

"சரி கேட்டு."

"அப்ப அந்தப் பிள்ளை இன்னும் கீழயா இருக்கு?"

அவன் கத்தவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. போனை நோக்கி நடந்தான். அவன் கை அதைத் தொடுவதற்குள் தாட்சாயணி எழுந்து ஓடினாள்.

*

"வாங்க வாங்க" என்றார் ஞானதுரை. கட்டுப்பாட்டறையின் பொறுப்பாளர் அவர். "உங்க போன் செத்துப்போச்சா, நீங்க செத்துப்போனீங்களான்னு தெரியாம முழிச்சிட்டிருக்கோம். கீழ வேலை சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. ஒரு சரியைச் சொல்லுங்க, பிள்ளைங்க கிளம்பட்டும்."

"உடனே மேல வரச் சொல்லுங்க சார். முழு வேகத்துல."

அவர் சிரித்தார். "யாரு பேசுறது? நம்ம மேடமா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அறையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குண்டை வரம்பைத் தாண்டவிடாத வேகப் பூட்டு ஓட்டுநரின் கையில்தான் இருந்தது. கரையிலிருந்து திறக்க முடியாது. ஞானதுரை ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். குரல் கப்பலுக்குப் போய், அங்கிருந்து ஒலியாகத் தண்ணீருக்குள் இறங்கி, பதில் அதே வழியாக ஏறி வர வேண்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கடலைக் கேட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"கிளாடிஸ், பூட்டைத் திறந்துட்டு முழு வேகத்துல ஏறு."

காத்திருந்தார்கள்.

"முழு வேகமா? யாரு சார் சொல்லுதா?"

"மேடம்தான். இங்க நிக்காங்க."

காத்திருந்தார்கள்.

"மேடம் சரி சொன்னா மேடம் வேகத்துல வாரேன் சார். அதைத் தாண்டி வரமாட்டேன். எங்க வீட்டுல ஒருத்தன் தாண்டினது போதும். நாளைக்கு என்னமாவது ஆச்சுன்னா, அண்ணனும் தங்கச்சியும் ஒரே ரத்தம்லான்னு ஊர்ல பேசுவாவ. எங்கம்மா இப்பவே கோயிலுக்குப் பின்வாசல் வழியாத்தான் போறா."

பின்னாலிருந்து கார்த்தீசனின் குரல் கேட்டது. "அக்கா, மாட்டுவண்டி வேகத்துலயாவது கிளம்புங்க. குளிர்ல பல்லு கிட்டுது."

ஞானதுரை ஒலிவாங்கியைக் கையால் மூடினார். தாட்சாயணியின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, இதெல்லாம் இப்ப அந்தப் பிள்ளைகிட்ட எதுக்கு? புயல் வருதுன்னு சொல்லிருவோம். வந்தபிறகு மத்ததப் பாத்துக்கலாம்."

தப்பித்தோம் என்றிருந்தது அவளுக்கு. 'சரி' என்று தலையும் ஆட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலைத்தான் அவள் பின்னால் வெகுநாள் மறக்க முடியாமல் வைத்திருந்தாள்.

"கிளாடிஸ், இங்க புயல் எச்சரிக்கை குடுத்திருக்காங்க. சீக்கிரம் வா."

காத்திருந்தார்கள்.

"புயல்னா கீழ இருக்கதுதான சார் பாதுகாப்பு? அப்படித்தான சொல்லிக்குடுத்தீங்க. அடங்கட்டும், பிறகு வாரோம். சாப்பாடு இருக்கு."

ஞானதுரை தலையில் கை வைத்தார். தாட்சாயணி அவர் முன்னாலிருந்து ஒலிவாங்கியை எடுத்தாள். அவள் அதில் ஒருநாளும் பேசியதில்லை.

"கிளாடிஸ், நான் தாட்சாயணி. புயல் இல்லை. அது பொய். நீங்க சொல்ற அந்த வரம்பு, நான் எழுதினது, அது தப்பு. மெதுவா போறதுதான் குண்டைக் கெடுக்குது. நீங்க எவ்வளவு மெதுவா போறீங்களோ அவ்வளவு அதிகமா கெடுக்குது. கதவு வளையத்துல விரிசல் இருக்கும்னு நினைக்கிறேன். கீழ இருக்கற ஒவ்வொரு நிமிஷமும் அது வளருது. உங்க அண்ணன் மேல தப்பே இல்லை."

பேசி முடித்ததும் கடல் அவள் குரலை வாங்கிக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்திருக்கும். திரும்பி வர வேண்டிய நேரமும் கடந்தது. கப்பலில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் மொய்தீன் நின்றான்.

"அப்ப அவன் ஏன் வேகமா வந்தான்?" கிளாடிஸின் குரல் இறுகியிருந்தது.

"விரிசல் விடற சத்தம் கேட்டிருக்கும். எப்படியாவது மேல கொண்டுவந்துடணும்னு பார்த்திருக்கார். அதைத்தான் செய்யணும். வேற வழி இல்லை. அவர் செஞ்ச சரியான காரியத்தைத்தான் நான் குத்தம்னு எழுதினேன்."

காத்திருந்தார்கள்.

"இதை எழுத்துல தருவீங்களா?"

"தரேன்."

"அங்க இருக்கவுங்க எல்லாரும் கேட்டாவளா?"

ஞானதுரை குனிந்து ஒலிவாங்கிக்குள் சொன்னார். "கேட்டாச்சு தாயி. எல்லாரும் கேட்டாச்சு. நீ வா."

"அக்கா" என்றது கார்த்தீசனின் குரல், "அழுறத மேல போய் அழுவோம். லீவரைத் தள்ளுங்க."

திரையில் ஆழத்தைக் காட்டும் எண் அசைந்தது. பிறகு ஓடத் தொடங்கியது. அந்த வேகத்தில் அது ஓடி அவர்கள் பார்த்ததில்லை, ஒருமுறையைத் தவிர. பாதி வழியில், "ஒரு சத்தம் கேட்டுது" என்றாள் கிளாடிஸ். யாருக்கும் "வந்துட்டே இரு" என்று கூடச் சொல்லத் தோன்றவில்லை. எண் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து 'வந்துருச்சு' என்று ஆட்கள் கூச்சலிடும் சத்தம் கேட்டபோதுதான் தாட்சாயணி தான் ஒலிவாங்கியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

*

கதவு வளையத்தை அறுத்துப் பார்த்தார்கள். விரிசல் போக மிச்சம் இருந்த உலோகத்தின் கனம் நகத்தின் கனம்.

விசாரணை நிலையத்தின் கூட்ட அறையிலேயே நடந்தது. குழுத் தலைவி ஓய்வுபெற்ற பொறியாளர். வார்த்தையை அளந்து பேசுகிறவர். விரிசல் முகத்தின் படத்தைப் பெரிய திரையில் போட்டிருந்தார்கள். மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்களைப்போல வரி வரியாக இருந்தது. முதல் நாளிலிருந்து மூன்றாம் குண்டு இறங்கிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. தொடக்கத்தில் கண்ணுக்கே தட்டாத மெல்லிய வரிகள். அவள் வரம்பு எழுதிய பிறகு வந்தவை தடித்தவை. கிளாடிஸ் ஓட்டத் தொடங்கியபின் வந்தவை இன்னும் தடித்தவை.

கடைசி வரி அதற்கு முந்தைய எல்லாவற்றையும்விட அகலமாக இருந்தது. திரையின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டிருந்தது.

"இது ஏன் இவ்வளவு அகலம்?" தலைவி கேட்டார். "அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்ததாகக் குறிப்பு இருக்கிறதே."

"தொலைபேசிக் கோளாறு" என்றார் ஞானதுரை. தாட்சாயணியைப் பார்க்காமல் சொன்னார். "சோதனைக்கூடத்துக்கு லைன் கிடைக்கல. அதனால கொஞ்ச நேரம் கீழயே காத்திருக்க வேண்டியதாப்போச்சு. என் அறிக்கையில அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவர் அவளிடம் கேட்காமலே எழுதியது அது. தலைவி பேனாவைக் குறிப்பின்மேல் வைத்தார். ஒரு வார்த்தை எழுதினால் அது அப்படியே முடிந்துவிடும். அறையின் பின்வரிசையில் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் மொய்தீன்.

"போன் நல்லா இருந்தது" என்றாள் தாட்சாயணி. "அடிச்சது. நான் எடுக்கல."

"ஏன்?"

அதற்கு அவள் பல பதில்களைத் தயாரித்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டாள்.

"வெட்கமா இருந்தது" என்றாள்.

தலைவி உடனே எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தேநீர் இடைவேளை என்றார்.

எல்லாரும் வெளியே போனார்கள். கிளாடிஸ் மட்டும் போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தாட்சாயணி எழுந்து நின்றாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வதென்று நின்றாள்.

"இந்தக் குண்டை எனக்கு முன்னாடி எங்க அண்ணனும் ஓட்டியிருக்கான்" என்றாள் கிளாடிஸ். "வரம்பெல்லாம் வாரதுக்கு முந்தி. அவன் வரி எது?"

தாட்சாயணி படத்தை நகர்த்தினாள். பெரிதாக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். அகலமான வரிகளெல்லாம் திரைக்கு வெளியே போய்விட்டபிறகு, தலைமுடியைவிட மெல்லியதாகச் சில கோடுகள் தெரிந்தன.

"இதுங்கதான். அவர் ஓட்டின நாள் எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

கிளாடிஸ் விரலை அந்தக் கோடுகளுக்கு அருகில் கொண்டுபோனாள். திரையைத் தொடவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதை எனக்கு ஒரு படமா எடுத்துக் குடுங்க. அம்மாட்ட காட்டணும். கோயிலுக்கும் கொண்டு போவேன்."

"தரேன்." தாட்சாயணி அச்சுப் பொறியின் பக்கம் திரும்பினாள்.

"மேடம்."

திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வரியை வெட்டிராதீங்க. அதுவும் அதுலயே இருக்கட்டும்."

குரலில் கோபம் இருக்கிறதா என்று தாட்சாயணி தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. ஒரே தாளில் இரண்டையும் அடக்கப் பார்த்தாள். அவளுடையது தெரிந்தால் ரெமிஜியூஸுடையது மறைந்துபோனது. ரெமிஜியூஸுடையது தெரிய வேண்டுமென்றால் தாள் போதாது. அவனுடைய கோடுகள் தெரியும் அளவிலேயே வைத்து, துண்டு துண்டாக அச்சிட்டாள்.

தாள்களை வரிசையாகத் தரையில் வைத்து ஒட்டத் தொடங்கினாள். முதல் தாளிலேயே ரெமிஜியூஸின் நாட்கள் முடிந்துவிட்டன. மற்ற ஓட்டுநர்களுடையவை அடுத்த சில தாள்களில் முடிந்தன. அதற்குப் பிறகு கிளாடிஸுடையவை. பிறகு அந்த வெள்ளிக்கிழமை தொடங்கியது. மண்டியிட்டு நகர்ந்து நகர்ந்து ஒட்டிக்கொண்டே போனாள். தாள் காலடிவரை வந்தபோது கிளாடிஸ் ஒதுங்கி இடம் விட்டாள். அச்சுப் பொறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.